பேரிடர் காலத்தில் கடை லைசென்ஸும் நிலப் பயன்பாடும்: எது வளையும், எது வளையாது

மலேசியாவில் வெள்ளம் வடிந்த மறுநாளே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கிவிடும்: "இந்த வருசம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டாம், மன்றமே நீட்டிச்சிருச்சு." கூடவே இன்னொன்று: "இப்போதைக்கு ரோட்டோரம் கடை போடலாம், யாரும் பிடிக்க மாட்டாங்க." கோவிட் காலத்தில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இருந்த நாள்களிலும் இதே மாதிரிச் செய்திகள்தாம் வந்தன. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. அந்தக் கொஞ்சத்தை முழு உண்மையாக எடுத்துக்கொண்டவர்கள்தாம் நிலைமை சீரானதும் அபராத நோட்டீசுடன் ஊராட்சி மன்றத்துக் கவுண்டரில் வரிசை பிடிக்கிறார்கள்.

சுங்கை சிப்புட், பீடோர், பாகாவ், பெஸ்தாரி ஜெயா போன்ற தோட்டப்புற ஊர்களில் குழப்பம் இன்னும் அதிகம். கடைத்தெரு சில வரிசைகளோடு முடிந்துவிடும். அதைத் தாண்டினால் செம்பனை. கடைவீடு நிற்கும் நிலம் ஒரு வகை, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளாகிய லயம் இருக்கும் நிலம் வேறு வகை, ஒட்டுக்கடை நிற்கும் சாலையோரம் மூன்றாவது வகை. ஒரே சலுகை இந்த மூன்றுக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. பேரிடர் வந்தால் லைசென்ஸ் எளிதில் வளைந்து கொடுக்கும். திட்டமிடல் அனுமதி கொஞ்சம் வளையும். நிலப்பட்டாவில் எழுதியிருக்கும் நிபந்தனை வளையவே வளையாது. ஏன் இப்படி என்பதைச் சட்டத்தின் அமைப்பிலிருந்துதான் பார்க்க வேண்டும். இங்கே சொல்வதெல்லாம் தீபகற்ப மலேசியாவுக்கு. சபா, சரவாக்கில் சட்டங்கள் வேறு.

## ஒரு கடைக்கு எத்தனை காகிதம்?

1. பதிவு. எஸ்.எஸ்.எம். எனும் நிறுவன ஆணையத்தில் வியாபாரத்தைப் பதிவது. சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். வியாபாரம் செய்பவர் யார் என்பதை மட்டும் இது சொல்லும். இதைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டு "எங்கிட்ட லைசென்ஸ் இருக்கு" என்பவர்கள் இன்றும் உண்டு.

2. லைசென்ஸ். மாவட்ட மன்றமோ நகராண்மைக் கழகமோ தருவது. ஒரு முகவரி, ஒரு தொழில் வகை, ஒரு காலக்கெடு மூன்றும் அதில் இருக்கும். அறிவிப்புப் பலகைக்குத் தனி அனுமதி. சாப்பாட்டுக்கடை என்றால் வேலை செய்பவர்களுக்கு டைபாய்டு தடுப்பூசியும் உணவு கையாள்வோர் பயிற்சிச் சான்றிதழும் கேட்பார்கள்.

3. இடத்தின் தகுதி. இது இரண்டு பகுதி. மன்றத்தின் திட்டமிடல் பிரிவு வைத்திருக்கும் உள்ளூர்த் திட்டத்தில், அதாவது ரன்சாங்கான் தெம்பாத்தானில், அந்த இடம் வணிகம், குடியிருப்பு, தொழில், விவசாயம் ஆகியவற்றில் எந்த மண்டலத்தில் வருகிறது என்பது ஒன்று. நிலப்பட்டாவில் அந்த நிலத்தின் வகை விவசாயமா, கட்டடமா, தொழிலா என்பது மற்றொன்று. முதலாவதற்கு மன்றம், இரண்டாவதற்கு மாவட்ட நில அலுவலகம்.

இவற்றை வெவ்வேறு சட்டங்கள் ஆள்கின்றன, வெவ்வேறு கவுண்டர்கள் கவனிக்கின்றன. ஒரு கவுண்டர் தரும் சலுகை மற்றவற்றைக் கட்டுப்படுத்தாது.

## "அவசரம்" என்பதும் ஒன்றல்ல

செய்திகளில் எல்லாவற்றையும் அவசரகாலம் என்றே எழுதிவிடுகிறார்கள். சட்டத்தில் மூன்று நிலைகள் உண்டு.

வெள்ளம், நிலச்சரிவு போன்ற பேரிடருக்கு மாவட்டப் பேரிடர் நிர்வாகக் குழு இயங்கும். அதற்குத் தலைவர் மாவட்ட அதிகாரி. மக்களை வெளியேற்றுவது, பி.பி.எஸ். எனும் தற்காலிக நிவாரண மையங்களைத் திறப்பது எல்லாம் இந்த வழியில் நடக்கும். லைசென்ஸ் சட்டமோ நிலச் சட்டமோ இதனால் தானாக மாறிவிடுவதில்லை.

தொற்றுநோய்க்கு 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது 342ஆம் சட்டம். ஒரு வட்டாரத்தைத் தொற்றுப் பகுதி என அறிவித்து, அங்கே எது திறக்கலாம், எது கூடாது என்று கூட்டரசே விதி போடலாம். 2020 மார்ச் 18இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இதன் கீழ் வந்ததுதான்.

மூன்றாவது, கூட்டரசு அரசியலமைப்பின் 150ஆம் விதிப்படி மாமன்னர் செய்யும் அவசரகாலப் பிரகடனம். அண்மையில் இருந்தது 2021 ஜனவரி முதல் ஆகஸ்டு 1 வரை. அப்போது இயற்றப்பட்ட அவசரச் சட்டம், தேவைப்பட்டால் தனியார் நிலத்தையும் கட்டடத்தையும் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளவும் இடம் கொடுத்தது. சட்டத்தையே மாற்றும் வலு இந்த மூன்றாவது நிலைக்குத்தான். உங்கள் ஊரில் ஆறு கரை புரண்டால் அது முதல் நிலை. மூன்றாவது நிலையில் கிடைக்கும் அதிகாரங்களை எதிர்பார்த்துக் காத்திருப்பதில் பயனில்லை.

ஊராட்சி, மாநிலப் பட்டியலில் இருக்கிறது. நகர, கிராமத் திட்டமிடலும் பொதுச் சுகாதாரமும் கூட்டரசும் மாநிலமும் பகிர்ந்துகொள்ளும் பொதுப் பட்டியலில். நிலம் மாநிலத்தின் கையில். ஆகவே "கடையைத் திற" என்று கூட்டரசின் நிர்வாகத் தலைநகராகிய புத்ராஜெயா சொன்னாலும் மாநிலமோ மன்றமோ மேலும் இறுக்கலாம். "மூடு" என்று புத்ராஜெயா சொன்னால் மன்றத்தின் லைசென்ஸைக் காட்டித் திறக்க முடியாது.

மன்றத்தில் முடிவெடுப்பவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். 171ஆம் சட்டமாகிய 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி, தலைவரும் 8 முதல் 24 வரையிலான கவுன்சிலர்களும் மாநில அரசால் நியமிக்கப்படுகிறார்கள். இதுவும் ஓர் அவசர நடவடிக்கையின் மிச்சம்தான். இந்தோனேசியாவுடனான கொன்ஃபிரன்தாசி எனும் மோதல் காலத்தில், 1965இல், ஊராட்சித் தேர்தல்களைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரப் பரிந்துரைத்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டமோ அதை அடியோடு நீக்கியது. முடிவுத் தேதி எழுதாத "தற்காலிகம்" எவ்வளவு நீளும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

## லைசென்ஸ் ஏன் சுலபமாக வளைகிறது?

காரணம் 171ஆம் சட்டத்தின் 107ஆம் பிரிவு. லைசென்ஸுக்கு மன்றம் தனக்குச் சரியெனப் பட்ட எந்த நிபந்தனையையும் விதிக்கலாம். காரணம் சொல்லாமலே எந்த நேரத்திலும் அதை ரத்து செய்யலாம். ரத்தானால் நட்ட ஈடு கிடையாது. ஒரு லைசென்ஸின் ஆயுள் அதிகபட்சம் மூன்று ஆண்டு. பெரும்பாலான சிறு கடைகளுக்கு ஓர் ஆண்டுக்குத்தான் தருகிறார்கள். எல்லோர் கண்ணிலும் படும்படி அதை மாட்டி வைத்திருக்க வேண்டும்.

துணைச் சட்டத்தை, அதாவது உண்டாங் உண்டாங் கெச்சிலை, மாற்ற வேண்டுமென்றால் மாநில அரசு உறுதிப்படுத்தி அரசிதழில் வர வேண்டும். அதற்குள் வெள்ளமும் வடிந்துவிடும், அடுத்த மழையும் வந்துவிடும். ஆகவே மன்றங்கள் விதியைத் தொடுவதில்லை. நிபந்தனையை மட்டும் மாற்றுகின்றன. ஒரு கடிதம், ஒரு அறிவிப்பு, ஒரு கூட்ட முடிவு போதும். வேகமாக நடப்பதன் இரகசியம் இதுதான். வேகமாகத் திரும்பப் பெறப்படுவதும் இதனால்தான்.

நடைமுறையில் மாறக்கூடியவை:

1. காலக்கெடு. கவுண்டர் மூடியிருந்ததால் அல்லது வெள்ளத்தில் ஆவணம் போனதால் புதுப்பிக்கும் கடைசி நாளைத் தள்ளி வைப்பது.

2. கட்டணம். இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். மலாய் அறிவிப்பில் பெனாங்கோஹான் என்றிருந்தால் பணத்தைப் பிறகு கட்ட வேண்டும். பெங்கெச்சுவாலியான் என்றால் கட்டவே வேண்டாம். பெலான்ஜூத்தான் என்றால் லைசென்ஸின் ஆயுள் நீள்கிறது. கட்டணத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. சில அறிவிப்புகள் தாமத அபராதத்தை மட்டும் தள்ளுபடி செய்யும், மூலக் கட்டணம் அப்படியே இருக்கும். நான்கையும் "கட்ட வேண்டாமாம்" என்ற ஒரே வரியில் சுருக்கிவிடுகிறது வாட்ஸ்அப்.

3. நேரம். திறக்கும், மூடும் நேரத்தைக் குறைப்பது அல்லது நீட்டுவது.

4. இடம். சந்தையைத் திடலுக்கு மாற்றுவது, ஐந்தடி நடைபாதைக்கு வெளியே மேசை போட விடுவது, பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையின் கடைகளைத் தள்ளித் தள்ளி நிறுத்துவது.

5. தொழில் வகை. மிகக் குறைவாக நடக்கும். காரணம் அடுத்த பகுதியில்.

மதிப்பீட்டு வரியை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மன்றத்துக்கு ஆண்டில் இரு தவணை, பிப்ரவரி இறுதியிலும் ஆகஸ்டு இறுதியிலும். நிலவரி வேறு; அது நில அலுவலகத்துக்கு, மே 31க்குள். லைசென்ஸ் கட்டணத்துக்குக் கிடைத்த சலுகை இந்த இரண்டுக்கும் தானாக வராது.

## 2020, 2021 காட்டியது என்ன?

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின் முதல் கட்டத்தில், லைசென்ஸில் இருந்த தொழில் வகைதான் கடையின் தலையெழுத்தை முடிவு செய்தது. அத்தியாவசியச் சேவைப் பட்டியலில் மளிகை இருந்தது, துணிக்கடை இல்லை. தோட்டப்புற ஊர்களில் முன்னால் அரிசி, பருப்பு, பின்னால் சேலை, பாத்திரம் என்று ஒரே கூரையின் கீழ் எல்லாம் விற்கும் கடைகள் வழக்கம். 2021 ஜூன் முழு முடக்கத்தின்போது பேரங்காடிகளிலேயே உணவு, அன்றாடத் தேவைப் பொருள் பகுதிகளை மட்டும் திறந்து மற்றவற்றைக் கட்டி மறைக்கச் சொன்னார்கள். லைசென்ஸில் "துணி" என்று மட்டும் இருந்து, அதன் ஓரமாக அரிசி விற்றவருக்குத் திறக்க வழியே இல்லை. பல வருடமாக விற்றுவந்ததை நிரூபிக்கக் காகிதம் கிடையாது. சோதனைக்கு வரும் போலீஸ்காரர் பார்ப்பது சுவரில் மாட்டியிருக்கும் காகிதத்தைத்தான்.

முடிதிருத்தும் நிலையங்களின் கதை இன்னும் தெளிவான பாடம். 2020 ஏப்ரலில் அவற்றுக்கும் அனுமதி என்று கூட்டரசு அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கதவு திறந்தது மீட்சி நிலை தொடங்கிய ஜூன் 10இல். மன்றத்தின் லைசென்ஸ் அத்தனை நாளும் செல்லுபடியானதாகவே இருந்தது, ஆனாலும் பயன்படவில்லை. லைசென்ஸ் செல்லும் என்பதும், கடை திறக்கலாம் என்பதும் இரண்டு தனிக் கேள்விகள்.

அங்காடிக்காரர்களுக்கு அடி வேறு விதமாக விழுந்தது. பசார் மாலாம் நிறுத்தப்பட்டது. 2020 ரமலான் சந்தைகள் நடக்கவில்லை. பசார் மாலாம் லைசென்ஸ் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கும் குறிப்பிட்ட கிழமைக்கும் உரியது. அதை வைத்துக்கொண்டு தாமான் எனும் குடியிருப்புப் பகுதியின் முனையில் வேன் நிறுத்தி விற்றால் அது லைசென்ஸ் இல்லாத வியாபாரம். விவரம் தெரிந்தவர்கள் நகரும் அங்காடி உரிமத்துக்குத் தனியே மனுப் போட்டார்கள். 2020 ஜூன் 15இலிருந்து சந்தைகள் திரும்பியபோது பழைய இடத்தை இழக்காமல் இருந்தவர்களும் தங்கள் பழைய உரிமத்தைக் காலாவதியாக விடாதவர்களே.

அபராதமும் இரண்டு வழியில் வரும். 342ஆம் சட்டப்படி முதலில் 1,000 ரிங்கிட் வரை இருந்த சம்மன், 2021 மார்ச் 11 முதல் தனிநபருக்கு 10,000 ரிங்கிட் வரையும் நிறுவனத்துக்கு 50,000 ரிங்கிட் வரையும் உயர்ந்தது. அதைக் கட்டிவிட்டதால் மன்றம் லைசென்ஸில் கை வைக்காது என்று நினைக்கக்கூடாது. 107ஆம் பிரிவு தனியே நிற்கிறது.

## மண்டலம் ஏன் அவ்வளவாக வளையாது?

172ஆம் சட்டம், 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். உள்ளூர்த் திட்டத்துக்கு ஒவ்வாத வகையில் நிலத்தையோ கட்டடத்தையோ பயன்படுத்தக்கூடாது என்கிறது 18ஆம் பிரிவு. 19ஆம் பிரிவு, திட்டமிடல் அனுமதி இல்லாமல் எந்த மேம்பாடும் கூடாது என்கிறது. மேம்பாடு என்றால் கட்டுவது மட்டுமல்ல. பயன்பாட்டை மாற்றுவதும் மேம்பாடுதான். கிடங்கைத் தங்குமிடமாக மாற்ற ஒரு செங்கல்கூட வைக்க வேண்டியதில்லை, ஆனாலும் அனுமதி வேண்டும். மீறினால் 5 இலட்சம் ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். குற்றம் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரிங்கிட் வரை கூடுதல்.

19ஆம் பிரிவில் சில விலக்குகள் உண்டு. நகரும் திரையரங்கு, கேளிக்கைச் சந்தை, கண்காட்சி, சமயச் சமூக விழா ஆகியவற்றுக்கு ஒரு மாதம் வரை இடத்தைப் பயன்படுத்தலாம். மன்றம் விரும்பினால் நீட்டிக்கலாம். ஊர்க் கோயில் திருவிழாவின் பந்தல் கடைகள் இந்த வாசல் வழியாகத்தான் வருகின்றன. கவனித்துப் பாருங்கள்: அந்தப் பட்டியலில் வெள்ளத்தில் கடை இழந்தவர்களுக்கான மாற்று வணிக இடம் என்று எதுவும் இல்லை. 1976இல் சட்டம் எழுதியவர்கள் திருவிழாவை நினைத்தார்கள், பேரிடரை நினைக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

உள்ளூர்த் திட்டத்தையே மாற்றுவது பெரிய வேலை; பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்க வேண்டும். ஆகவே மன்றங்கள் கைக்கொள்ளும் வழி, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமான திட்டமிடல் அனுமதி. மனு ஓ.எஸ்.சி. எனும் ஒரே முகப்பு மையத்தின் வழியாகப் போகும். காலம் முடிந்ததும் பயன்பாட்டை நிறுத்தி, கட்டியதை அகற்ற வேண்டும் என்பது நிபந்தனையாகவே இருக்கும். அந்த இடத்தில் சிமெண்டுத் தரை போட்டு, இரும்புத் தூண் ஊன்றி, ஓடு வேய்ந்தவர்கள் பிறகு படும் பாடு பெரிது. கழற்றக்கூடிய கூரை, எடுத்துச் செல்லக்கூடிய மேசை, அவ்வளவோடு நிற்பது நல்லது.

## தோட்ட நிலம்: சிக்கல் இங்கேதான்

தோட்டத்தின் நிலப்பட்டா விவசாய வகையைச் சேர்ந்தது. தேசிய நிலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு அந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று வரையறுக்கிறது. உரிமையாளரின் வீடு, தொழிலாளர் குடியிருப்பு, விளைச்சலைப் பதப்படுத்தும் கட்டடம், தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் உரிய கல்வி, மருத்துவ, நலவசதிகள் போன்றவற்றுக்கு இடம் உண்டு. தோட்டத்து மளிகைக்கடையும் பிள்ளைக் காப்பகமும் நிற்பது இந்த இடத்தில்தான்.

இப்போது அந்த மளிகைக்கடை, ஊர்ச் சந்தை வெள்ளத்தில் மூழ்கியதால் வெளியாட்களுக்கும் விற்கத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் யாரும் கேட்க மாட்டார்கள். ஆறு மாதம் கழித்து வாசலில் லாரி வந்து இறக்கினால், விவசாய நிலத்தில் வணிகம் என்ற கேள்வி வரும். அதைக் கேட்பது மன்றம் அன்று, நில அலுவலகம். அந்த நோட்டீஸ் போகும் முகவரியும் கடைக்காரருடையது அன்று, பட்டாதாரரான தோட்ட நிறுவனத்துடையது. அதனால்தான் தோட்ட மானேஜர்கள் "நல்லதுக்குத்தான் செய்யுறோம்" என்ற விளக்கத்தைக் கேட்டுக்கொண்டே தலையாட்ட மறுக்கிறார்கள். கல்நெஞ்சம் என்று திட்டுவது எளிது. பட்டா அவர்கள் பெயரில் இருக்கிறது.

லயத்து வீட்டுச் சமையலும் இதே வகைதான். முடக்க காலத்தில் வீட்டிலிருந்து முறுக்கு, நாசி லெமாக், பிரியாணி விற்றவர்கள் ஏராளம். தாமான் வீட்டில் இருந்தால் வீட்டுத் தொழிலுக்கான லைசென்ஸை மன்றத்தில் கேட்கலாம். அண்டை வீட்டுக்குத் தொந்தரவில்லாமல் சிறு அளவில் செய்தால் பல மன்றங்கள் தருகின்றன. லயம் என்றால் முதலில் வீட்டின் சொந்தக்காரராகிய நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். வாய்ச்சொல் போதாது, மானேஜர் மாற்றலாகிப் போனால் சம்மதமும் அவரோடு போய்விடும்.

சரி, வெள்ளம் வரும் தாழ்வான கடைத்தெருவை மேடான தோட்ட நிலத்துக்கு நிரந்தரமாக மாற்றினால் என்ன? ஒவ்வொரு பெருவெள்ளத்துக்குப் பிறகும் எழும் கேள்வி இது. செய்யலாம். படிகள் இப்படி:

1. நிறுவனம் நிலத்தை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்க வேண்டும்.
2. தோட்டம் 40 ஹெக்டருக்குக் குறையாதது என்றால், தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவுப்படி, அதைத் துண்டாக்கி விற்கத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் தேவை.
3. விவசாய வகையைக் கட்டட வகைக்கு மாற்ற வேண்டும். அதற்கான கூடுதல் தொகை மாநிலத்துக்கு.
4. திட்டமிடல் அனுமதி, பிறகு கட்டட வரைபட ஒப்புதல், முடிந்ததும் சி.சி.சி. எனும் நிறைவுச் சான்றிதழ்.
5. கடைசியாகத்தான் லைசென்ஸ்.

இதில் பேரிடரைக் காரணம் காட்டிச் சுருக்கக்கூடியது வரிசையில் காத்திருக்கும் நேரம் மட்டுமே. ஒரு படியைக்கூடத் தாண்ட முடியாது. வருடக்கணக்கில் ஆகும் வேலை இது என்பதால், இடைக்காலத்துக்கு எல்.பி.எஸ். எனும் தற்காலிகக் குடியமர்வு உரிமம் கைகொடுக்கும். இது அரசு நிலத்துக்கு, நில அலுவலகம் தருவது. எந்த மாதம் வாங்கினாலும் அந்த ஆண்டு டிசம்பர் 31ஐத் தாண்டாது. பிறகு புதுப்பிக்க வேண்டும். விற்க, மாற்றித் தர முடியாது. வாங்கியவர் இறந்தால் பிள்ளைக்குப் போகாது. நவம்பரில் வெள்ளம் வந்து அந்த மாதமே எல்.பி.எஸ். வாங்குபவர் அடுத்த மாதமே புதுப்பிக்கும் மனுவையும் போட வேண்டியிருக்கும். இதைக் கவுண்டரில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

சாலையோர ஒட்டுக்கடைகள் நிற்பது பெரும்பாலும் சாலை ஒதுக்கீட்டில். மன்றம் அங்காடி உரிமம் தந்தாலும் பொதுப்பணித் துறை எழுப்பச் சொன்னால் எழும்ப வேண்டியதுதான். ஆற்றோர ஒதுக்கீடு வடிகால், நீர்ப்பாசனத் துறையின் பார்வையில். வெள்ளத்துக்குப் பிறகு அங்கே கடை போட அனுமதி கேட்பதில் அர்த்தமில்லை.

## மண்டபமும் தங்குமிடமும்

தமிழ்ப்பள்ளி, பொது மண்டபம், கோயில் மண்டபம் ஆகியவை நிவாரண மையமாகும்போது லைசென்ஸ் கேள்வி எழாது. அங்கே வியாபாரம் நடக்கவில்லை. உணவுப் பாதுகாப்பு விதி மட்டும் விலகாது. மாவட்டச் சுகாதார அலுவலகத்தார் சமையற்கூடத்தைப் பார்க்க வருவார்கள். சமைத்ததை நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பது அமைச்சின் வழக்கமான அறிவுரை. அதிகாலையில் சமைத்த சாம்பார் சாதத்தைப் பொட்டலம் கட்டி மதியம் விநியோகித்து, வயிற்றுப்போக்கு பரவினால், அன்னதானம் என்ற பெயர் காப்பாற்றாது. பொட்டலத்தின் மேல் சமைத்த நேரத்தை எழுதிவிடுங்கள்.

தொழிலாளர் தங்குமிடம் இதைவிடக் கடினமான விஷயம். தொழிலாளர் தங்குமிடத்தின் குறைந்தபட்சத் தரத்தைப் பற்றிய 446ஆம் சட்டம் முன்பு தோட்டம், சுரங்கம் சார்ந்த குடியிருப்புகளையே முக்கியமாகப் பார்த்தது. 2020 ஜூன் 1 முதல் மற்றத் துறை முதலாளிகளுக்கும் விரிந்தது. தோட்டத்துக்கு வெளியே தங்க வைப்பதானால் தொழிலாளர் துறையின் தங்குமிடச் சான்றிதழ் வேண்டும். இல்லாவிட்டால் 50,000 ரிங்கிட் வரை அபராதம். படுக்கும் இடம் ஒருவருக்குக் குறைந்தது 3.6 சதுர மீட்டர், டோர்மிட்டரி முறையில் 3 சதுர மீட்டர். தொற்று நேரத்தில் நெரிசலைக் குறைக்கக் கடைவீட்டு மாடியை வாடகைக்கு எடுத்தவர்கள் பலர் இந்தச் சான்றிதழை மட்டும் நினைத்தார்கள். வணிகக் கட்டடத்தைத் தங்குமிடமாக்குவது பயன்பாட்டு மாற்றம். அதற்கு மன்றத்தின் அனுமதி தனி, தீயணைப்புத் துறையின் ஆதரவுக் கடிதம் தனி. ஒற்றைப் படிக்கட்டும் கம்பி அடைத்த சன்னலும் உள்ள மாடிக்கு அந்தக் கடிதம் கிடைப்பது கடினம். அதில் தளர்வு கேட்பதும் நியாயமில்லை.

## வெள்ளத்துக்குப் பிறகு கடையைத் திறக்க

1. எதையும் அப்புறப்படுத்துவதற்கு முன் படம் எடுங்கள்: சுவரில் தண்ணீர் ஏறிய அளவு, அறிவிப்புப் பலகை, உள்ளே கிடக்கும் சரக்கு. கட்டணச் சலுகைக்கும் காப்புறுதிக்கும் இதுதான் ஆதாரம். சாதாரணத் தீ காப்புறுதியில் வெள்ளம் சேராது. தனியாகச் சேர்த்திருந்தால்தான் பணம் வரும்.

2. போலீஸ் புகார் கொடுங்கள். லைசென்ஸ் காகிதம் நனைந்து போயிருந்தால் நகல் வாங்க அது உதவும்.

3. பழுது எது, புதுக்கட்டு எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். சாயம், கதவு, அலமாரி, தரை ஓடு போன்றவற்றுக்குத் திட்டமிடல் அனுமதி தேவைப்படாது. தூண், தாங்கு சுவர், கூரைச் சட்டம் ஆகியவற்றில் கை வைத்தால் 133ஆம் சட்டமாகிய சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் மன்றத்தின் அனுமதி வேண்டும். "இருந்த மாதிரியேதான் கட்டினேன்" என்பது விலக்கு ஆகாது. இடிந்த பின்கட்டை இரண்டடி நீட்டிக் கட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அந்த இரண்டடி பெரும்பாலும் பின்சந்தில் போய் நிற்கும்.

4. குப்பையை எங்கே போடுவது என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகிய மாநிலங்களில் 672ஆம் சட்டப்படி திடக்கழிவு கூட்டரசு நிறுவனத்தின் பொறுப்பு. சிலாங்கூர், பேராக் போன்ற இடங்களில் மன்றத்தையே கேட்க வேண்டும். ரோரோ எனும் பெரிய குப்பைத் தொட்டி வைக்கும் இடத்தை அறிவிப்பார்கள். வடிகாலில் தள்ளினால் அடுத்த மழைக்கு உங்கள் கடைக்குள்ளேதான் திரும்பி வரும்.

5. தற்காலிகமாக வேறு இடத்தில் நடத்துவதானால், பழைய லைசென்ஸ் எண்ணைக் குறிப்பிட்டு, புது இடம், தொடங்கும் தேதி, முடியும் தேதி எழுதிக் கடிதம் கொடுத்து, வந்து சேர்ந்ததற்கான முத்திரையை உங்கள் நகலில் வாங்குங்கள். லைசென்ஸ் முகவரியோடு ஒட்டியது. நீங்கள் நகர்ந்தால் அது கூடவே நகராது.

அதிகாரி நேரில் வந்து "போடுங்க, பரவாயில்லை" என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, அன்றே அதை ஒரு மின்னஞ்சலாக மன்றத்துக்கு அனுப்பி வையுங்கள்: இன்ன நாள், இன்ன இடம், இன்னவாறு சொல்லப்பட்டது என்று. பதில் வராமல் போகலாம். ஆனால் பிறகு மேசை நாற்காலியைச் சீத்தா, அதாவது பறிமுதல், செய்து லாரியில் ஏற்ற வந்தால், கையில் காட்ட அதுவாவது இருக்கும்.

## மறுத்துவிட்டால்?

லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தால் மன்றம் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. முதலில் உங்கள் வட்டாரக் கவுன்சிலர் வழியாக லைசென்ஸ் குழுவுக்கு மேல்முறையீட்டுக் கடிதம். அடுத்தது உயர் நீதிமன்றத்தில் நீதிப் புனராய்வு. முடிவு தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும், செலவும் சிறு கடைக்காரருக்குக் கட்டுப்படியாகாது. திட்டமிடல் அனுமதி மறுக்கப்பட்டால் நிலைமை கொஞ்சம் மேல். 172ஆம் சட்டம் மாநில மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக வழி விடுகிறது. அதற்குக் கெடு, முடிவைத் தெரிவித்த நாளிலிருந்து ஒரே மாதம்.